கட்டத்துக்குள் சாய்ந்த கிளைகள்

பதினொரு வருஷ வேலையில் முதல் ஒன்பது வருஷம் அவள் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் எல்லாருக்கும் மேடம். பத்தாவது வருஷம் அவளுடைய கணவரின் தங்கை அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த முதல் வாரம், வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும்படி, "அண்ணி, பென்சில் இருக்கா?" என்று ஒரு குரல் கொடுத்தாள். அவ்வளவுதான். மாதம் முடிவதற்குள் ஜீப் ஓட்டுநர் முதல் இயக்குநர் வரை எல்லாருக்கும் அவள் அண்ணி. ஐம்பத்தெட்டு வயது இயக்குநருக்கு நாற்பத்து மூன்று வயதில் ஓர் அண்ணி! யாருக்கும் இதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது. படித்து வாங்கிய மரியாதையைப் பிடுங்கிக்கொண்டு, கல்யாணத்தில் கிடைத்த உறவைக் கையில் திணித்த மாதிரி இருந்தது.

நாமும் அவளை அண்ணி என்றே சொல்வோம். வேறு வழியில்லை, பேர் ஒட்டிவிட்டது. நாத்தனாருக்கு வீட்டில் குட்டி என்று பேர். முப்பத்தொரு வயதாகி, செடிகளைப் பற்றிப் பெரிய பட்டம் வாங்கி, மூன்று ஊர்களில் வேலை பார்த்துவிட்டு வந்தும் குட்டிதான். அண்ணியின் வீட்டில் மாடி அறையில்தான் தங்கியிருந்தாள். மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன், கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்கும் முதல் கேள்வி, "குட்டி சாப்பிட்டாளா?" என்பது. பதினாறு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அந்தக் கேள்வி ஒருநாள்கூடத் தன் பக்கம் திரும்பியதில்லை என்று அண்ணிக்கு நினைவு. திரும்பியிருக்கலாம். பொறாமை பிடித்தவர்களின் ஞாபகசக்தி ஒரு பக்கம்தான் வேலை செய்யும்.

நிலையத்துக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய வரை வறண்ட புதர்க்காடு. மரம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. முழங்கால் உயரத்திலிருந்து தோள் உயரம் வரை புதர்கள்: சாம்பல் இலை, தடித்த இலை, இலையே இல்லாமல் முள்ளும் குச்சியுமாக நிற்பவை. வருஷத்தில் நாலைந்து மழை பெய்தால் பெரிய விஷயம். அங்கே நடந்த ஆராய்ச்சி ஒரே கேள்விக்காக. ஒரே வகைப் புதர் நிற்கும் இடத்தைவிடப் பல வகைகள் கலந்து நிற்கும் இடம் அதிகமாக விளைகிறதா? விளைச்சல் என்றால் இங்கே தானியம் இல்லை. இலை, குச்சி எல்லாம் சேர்த்து, ஈரம் போன பிறகு எத்தனை கிராம் என்பதுதான்.

அதைத் தெரிந்துகொள்ளும் வேலை முதுகை ஒடிக்கும் வேலை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கம்பிச் சட்டத்தைத் தரையில் போட வேண்டும். அதற்குள் இருப்பதுதான் ஒரு கட்டம். கட்டத்தில் எத்தனை வகைச் செடிகள் என்று எண்ணி, அவற்றைக் கத்தரியால் தரையோடு வெட்டி, காகிதப் பையில் போட்டு, பென்சிலால் எண் எழுதி, ஓவனில் இரண்டு நாள் உலர்த்தி, எடை போட வேண்டும். இதில் ஒரு விதி உண்டு. வேர் கட்டத்துக்குள் இருந்தால்தான் செடி கணக்கில் வரும். வெளியே வேர் வைத்துக்கொண்டு உள்ளே கிளையைச் சாய்க்கும் புதரை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வெட்ட வேண்டும். அந்தக் கிளையைத் தொடக்கூடாது. இது எந்தத் தாளிலும் எழுதப்படாத விதி. புதிதாக வருகிறவர்களுக்குப் பழைய ஆள் வாயால் சொல்லித் தருவது வழக்கம். அப்போதைய பழைய ஆள் அண்ணி.

குட்டி முதல் நாளே கேட்டாள். மேற்குப் பக்கத்தில் ஒரு சரிவில் இரண்டு பேரும் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு முள்புதர் வெளியே நின்று கட்டத்துக்குள் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, எங்க பழைய இடத்துல உள்ள சாயற கிளையையும் வெட்டிப் பையில போடுவோம். இங்க எப்படி?"

அன்று காலை ஜீப் ஓட்டுநர், குட்டிக்கு வண்டியில் தலை சுற்றும் என்று கேள்விப்பட்டு, ஒன்பது வருஷமாக அண்ணி உட்கார்ந்து வந்த முன் இருக்கையை அவளுக்குக் கொடுத்திருந்தார். அண்ணி பின்னால், சட்டங்களோடும் பைக்கட்டுகளோடும் குலுங்கிக்கொண்டு வந்திருந்தாள். இடுப்பு இன்னும் வலித்தது.

"உன் பழக்கப்படி பண்ணு" என்றாள் அண்ணி.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லித் திருத்திவிடலாம் என்றுதான் அப்போது நினைத்தாள். இதைச் சத்தியமாக நம்பலாம். ஆனால் மதியம் இயக்குநர் களத்துக்கு வந்தார். வந்தவர் நேராகப் போய்க் குட்டியின் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து, அவள் டப்பாவிலிருந்து ஒரு கை எடுத்துச் சாப்பிட்டு, அவள் சொன்ன எதற்கோ வயிறு குலுங்கச் சிரித்தார். அண்ணியின் டப்பாவிலிருந்து ஒன்பது வருஷத்தில் அவர் ஒரு பருக்கை எடுத்ததில்லை. அண்ணி தன் டப்பாவை மூடி, சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

மறுநாள் சொல்லலாம் என்றிருந்தாள். மறுநாளைக்கும் ஒரு காரணம் கிடைத்தது. காரணம் தேடுகிறவர்களுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

ஒரு வாரம் கழித்து அவள் வேறொன்று செய்ய ஆரம்பித்தாள். குட்டி வெட்டி முடித்துப் போன கட்டங்களுக்கு மாலையில் தனியாகப் போவாள். வெளியே நிற்கும் புதர்களில், சட்டம் கிடந்த கோட்டுக்கு நேராகக் கிளைகள் வெட்டுப்பட்டு மொட்டையாக நிற்கும். அந்த வெட்டுவாய் ஒவ்வொன்றின் பருமனையும் அளவுகோலால் மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து ஒரு பச்சை அட்டை நோட்டில் எழுதினாள். கட்டத்தின் எண், புதரின் வகை, கிளைகள் எத்தனை, பருமன் எவ்வளவு, தேதி. முதல் நாளில் வெட்டிய கட்டங்களையும் விடவில்லை. தேடிப்போய் அளந்து, அந்தந்தத் தேதியிலேயே பதிந்தாள். முள் குத்தி விரல் வீங்கிய நாட்களிலும் எழுதினாள். காய்ச்சலோடும் போனாள். இரண்டு வருஷத்தில் இருநூற்றுப் பதினான்கு கட்டங்கள். தன்னுடைய சொந்த ஆராய்ச்சிக்குக்கூட அவள் அவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை. எதற்கு எழுதுகிறாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். என்றைக்காவது ஒருநாள் குட்டியை எல்லார் முன்னாலும் கீழே தள்ள.

அந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. களப் பொறுப்பாளர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார் என்று செய்தி வந்தது. அந்த நாற்காலிக்காகத்தான் அண்ணி பதினொரு வருஷமாக வெயிலில் கருகினாள். புதர்க்காடு முழுவதும் அந்த நாற்காலியின் பொறுப்பு. எந்தக் கட்டம், எந்த மாதம், யார் வெட்டுவது என்று தீர்மானிப்பது அது. தனக்கே வரும் என்று அவள் சந்தேகமே இல்லாமல் இருந்தாள், குட்டியின் வரைபடம் சுவரில் ஏறும் வரை.

வரைபடத்தில் குட்டியின் இருநூற்றுச் சொச்சம் புள்ளிகள் பள்ளிப் பிள்ளைகளைப் போல ஒழுங்காக வரிசையில் நின்று ஒரு கோடாக மேலே ஏறின. வகை கூடக்கூட விளைச்சல் கூடுகிறது. பார்த்தவுடன் புரிந்தது. இயக்குநர் அதைப் பெரிதாக அச்சடித்துத் தன் அறைச் சுவரில் மாட்டிவிட்டார். அண்ணியின் பதினொரு வருஷப் புள்ளிகளும் ஒரு தாளில் இருந்தன. தரையில் கொட்டிய கடுகு மாதிரி, இங்கே நாலு, அங்கே நாலு, ஒரு கோடும் கிடையாது. அந்தத் தாள் அலமாரியில் இருந்தது.

அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் அண்ணி அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். அந்தக் கோடு எப்படி வந்தது என்று தனக்குத் தெரியும் என்றே அவள் நினைத்தாள். உள்ளே சாயும் ஒவ்வொரு கிளையும் பைக்குள் போகும்போது ஒரு வகையையும் கூட்டுகிறது, எடையையும் கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்தே ஏறினால் கோடு வராமல் என்ன வரும்? அது காடு காட்டிய கோடு இல்லை, கத்தரி காட்டிய கோடு. வெளியூரிலிருந்து மூன்று நிபுணர்கள் வந்து அந்த ஆராய்ச்சியைப் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்த அன்று அண்ணி பச்சை நோட்டை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள். சபையில் போட்டு உடைக்கத்தான் ஆசை. ஆனால் அதற்கு முன் அவர் காதில் போட்டால், நாற்காலி குட்டிக்குப் போவதற்கு முன்பே நின்றுவிடும் என்று கணக்குப் போட்டாள்.

இயக்குநர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். முகம் முதலில் சுருங்கியது. பிறகு, அண்ணி எதிர்பார்க்காத விதமாக, மலர்ந்தது. பருமன் இருந்தால் எடையைக் கணக்கிடலாம். வகையும் எழுதியிருக்கிறது. எல்லாவற்றையும் கழித்துவிட்டால் இரண்டு வருஷ வேலையும் பிழைத்தது. இப்படி ஒரு பதிவைத் தன் வேலைக் காலத்தில் பார்த்ததில்லை என்றார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று ஒரே ஒரு தடவை கேட்டார். முழுசாக உறுதியாகட்டும் என்று காத்திருந்ததாக அண்ணி சொன்னாள். அவர் தலையாட்டினார். பொறுப்பாளர் வேலைக்கு இந்த மாதிரி ஆள்தான் வேண்டும், நிபுணர்கள் வந்துபோகும் அன்றே அறிவித்துவிடலாம் என்றும் சொன்னார். அதற்கு முன்னால், இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்கைத் திருத்திவிடுங்கள் என்றார்.

இப்படியாக, குட்டியைத் தள்ளுவதற்கு எழுதிய நோட்டைக் குட்டியின் கையிலேயே கொடுக்க வேண்டியதாயிற்று.

எடை போடும் அறையில் ஓவன் சூடு எப்போதும் இருக்கும். காய்ந்த இலையின் வாசனை மூக்கில் ஏறும். மேசையின் ஒரு பக்கம் அண்ணி, எதிரே குட்டி. குட்டி முதல் பக்கத்தைத் திருப்பினாள். தேதியைப் பார்த்தாள். இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். அண்ணி தயாராக இருந்தாள். அழுவாள், கத்துவாள், அண்ணனிடம் போய்ச் சொல்வாள். அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தாள்.

"முதல் நாள்ல இருந்தே இருக்கு" என்றாள் குட்டி.

குட்டி பென்சிலைக் கூர்சீவிக்கொண்டு கணக்கில் இறங்கினாள். அதற்குமேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே போய் ஒவ்வொரு வகையிலும் பல பருமனில் கிளைகள் வெட்டிவந்து, உலர்த்தி, எடை போட்டு, நோட்டிலிருந்த பருமன்களுக்கு எடை கண்டுபிடித்தார்கள். மூன்று வாரம் பிடித்தது. வீட்டில் குட்டி வழக்கம்போலச் சாப்பிட்டாள், அண்ணனோடு சிரித்தாள், பாத்திரம் துலக்கினாள். அந்த அமைதிதான் அண்ணியைத் தின்றது. திட்டிவிட்டால் இரண்டு பேரும் சமம். திட்டாதவளை என்ன செய்வது?

எல்லாம் கழித்த பிறகும் குட்டியின் கோடு விழவில்லை. கொஞ்சம் தணிந்தது, அவ்வளவுதான். ஏறிக்கொண்டேதான் இருந்தது. அண்ணி மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள். கத்தரி மட்டும் காட்டிய கோடு இல்லை அது. காடும் காட்டியிருக்கிறது. அதோடு போகவில்லை. அலமாரியிலிருந்த அண்ணியின் தாளைக் குட்டி எடுத்து வைத்துக்கொண்டு, பதினொரு வருஷப் புள்ளிகளை மழை பெய்த வருஷம், பெய்யாத வருஷம் என்று இரண்டாகப் பிரித்துப் போட்டாள். மழை பெய்த வருஷங்களில் ஒன்றும் இல்லை. ஒற்றை வகை நின்ற இடமும் பல வகை நின்ற இடமும் ஒரே மாதிரி விளைந்திருந்தன. மழை பொய்த்த நாலு வருஷங்களில் மட்டும் புள்ளிகள் எழுந்து நின்றன. வறட்சி வந்தபோதுதான், ஒன்று வாடினாலும் இன்னொன்று தாக்குப்பிடிக்கும் என்று, கலந்து நின்ற புதர்கள் முந்தியிருந்தன. குட்டி வேலை பார்த்த இரண்டு வருஷமும் வறட்சி வருஷங்கள்.

"உங்க கோடும் இருக்கு அண்ணி" என்றாள் குட்டி. "பிரிச்சுப் பார்த்தா தெரியுது."

குட்டி சந்தோஷமாகத்தான் சொன்னாள். அண்ணிக்கு அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. பதினொரு வருஷம் அவள் மடியில் கிடந்தது. இவள் வந்து ஒரு மத்தியானத்தில் எடுத்துக் காட்டுகிறாள். இவள் கை பட்டால் எல்லாம் ஏன் துலங்குகிறது? என் கை பட்டால் மட்டும் ஏன் கருகுகிறது?

நிபுணர்கள் வந்த அன்று கூட்ட அறையில் மின்விசிறி கடகடத்தது. குட்டி திருத்திய வரைபடத்தைக் காட்டினாள். எப்படித் திருத்தினார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். இயக்குநர் முன்வரிசையில், கையில் அறிவிப்புத் தாளோடு உட்கார்ந்திருந்தார். அந்தத் தாளில் தன் பேர் இருப்பது அண்ணிக்குத் தெரியும். காலையில் அவரே சொல்லியிருந்தார். இன்னும் அரைமணி நேரம்தான்.

மூன்று நிபுணர்களில் மூத்தவர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஓர் அம்மாள், கையைத் தூக்கினார். திருத்தம் பிரமாதம் என்றார். அப்புறம் நிதானமாகக் கேட்டார்.

"ஆனா இது ரெண்டு வருஷம் எப்படி ஓடுச்சு? சேரும்போது உங்களுக்கு யாரும் விதியைச் சொல்லலையா?"

அண்ணிக்கு நோட்டின் முதல் தேதி கண்முன் வந்தது. குட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாற்காலி போச்சு, பதினொரு வருஷமும் போச்சு. குட்டியின் கண் ஒரு கணம் அண்ணியின் பக்கம் வந்து திரும்பியது.

"நான்தான் கேட்டிருக்கணும். கேட்கல. என் தப்பு. அண்ணி கண்டுபிடிச்சதாலதான் இவ்வளவாவது மிஞ்சுச்சு."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். இப்படித் தப்பை வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறவர்களை இந்தத் தொழிலில் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன் என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அறையில் இருந்த எல்லாருடைய முகமும் குட்டியின் பக்கம் கனிந்தது. இயக்குநர் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் ஒரு அப்பனின் பெருமை இருந்தது.

அண்ணி தப்பித்துவிட்டாள். இனி சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். தாள் படிக்கப்படும், நாற்காலி அவளுடையது.

ஆனால் அவள் வயிற்றில் பற்றிக்கொண்ட நெருப்பு, இரண்டு வருஷத்தில் ஒருநாளும் அப்படி எரிந்ததில்லை. தப்பு என்னுடையது. அதைக்கூட இவள் எடுத்துக்கொண்டு, துடைத்து, நல்ல பேராக்கித் தலையில் வைத்துக்கொள்கிறாள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் இவள் போட்ட பிச்சையில் உட்கார்ந்திருப்பேன். மனசாட்சி விழித்தது, நேர்மை பொங்கியது என்றெல்லாம் யாரும் எண்ண வேண்டாம். பொங்கியது பொறாமைதான். அதுதான் அவளைப் பிடித்து எழுப்பி நிறுத்தியது.

"அவ கேட்டா" என்றாள் அண்ணி. தன் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "முதல் நாளே கேட்டா. சாயற கிளையை வெட்டணுமா வேண்டாமான்னு. உன் பழக்கப்படி பண்ணுன்னு சொன்னது நான். தப்புன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். அன்னியிலிருந்து எழுதிட்டும் இருந்தேன்."

இயக்குநர் கையிலிருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று எந்த அறிவிப்பும் இல்லை. கூட்டம் அதற்கப்புறம் கொஞ்ச நேரம் ஏதோ பேசிக் கலைந்தது. யாரும் அண்ணியின் பக்கம் வரவில்லை.

வராந்தாவில் குட்டி அவளைப் பிடித்துக்கொண்டாள். அவள் அவ்வளவு கோபப்பட்டு அண்ணி பார்த்ததே இல்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நான்தான் முடிச்சு வெச்சேன்ல. ஏன் அண்ணி எழுந்து சொன்னீங்க?"

"அது என் தப்பு. அதையும் நீயே வாங்கிக்கணுமா?"

குட்டி பேச ஆரம்பித்தபோது கோபம் பாதியில் உடைந்து வேறாகிவிட்டது.

"எல்லாரும் என் வேலை நல்லா இருக்குன்னு சொல்றாங்க. ரெண்டு வருஷமா உங்க பக்கத்துல உட்கார்ந்து வேலை பார்க்கறேன், நீங்க ஒரு தடவை சொன்னதில்ல. நோட்டைப் பார்த்தப்பவும் எனக்கு அதுதான் தோணுச்சு. இவ்வளவு கவனமா என் வேலையைப் பார்த்திருக்காங்க, ஒரு தடவை சொல்லக்கூடாதான்னு. இன்னைக்கு இதைச் செஞ்சா சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

சொல்வதற்கு இருந்தது. அண்ணிக்கு அது தெரியும். அந்த இருநூற்றுப் பதினான்கு கட்டங்களிலும், ஒரு விதியைத் தவிர, குட்டியின் வெட்டு அவ்வளவு சுத்தம். தரையோடு, மண்ணைக் கிளறாமல், ஒரு இலை சிந்தாமல். ஒவ்வொரு மாலையும் போய்ப் பார்த்து எரிந்துகொண்டே திரும்பியது அதனால்தான். நாற்காலி போய்விட்டது. இனி இழக்க ஒன்றும் இல்லை. வேண்டியது இரண்டு வார்த்தை.

அண்ணி வாயைத் திறந்தாள். அது வரவில்லை.

குட்டி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு படியிறங்கி ஜீப்பின் பக்கம் நடந்தாள்.